சின்னத் தொட்டிக்கு நீமோ ஜோடி: நான் பட்ட பாடு

நாகர்கோவிலில் இருந்துகொண்டு கடல்தண்ணீரைக் காசு கொடுத்துத் தயாரிக்கிறவன் என்று சொந்தக்காரர்கள் என்னைக் கேலி செய்வார்கள். சங்குத்துறை கடற்கரைக்கு வீட்டிலிருந்து பைக்கில் இருபது நிமிடம். புத்தளம் உப்பளமும் அந்தப் பக்கம்தான். அப்படியிருந்தும் கடல்மீன் தொட்டிக்கென்றே விற்கும் பாக்கெட் உப்பை ஆர்.ஓ. தண்ணீரில் கலக்கித் தொட்டியில் ஊற்றி, அதில் இரண்டே இரண்டு கோமாளி மீன்களை வளர்க்கிறேன். கடையில் போய்க் கோமாளி மீன் என்று கேட்டால் முழிப்பார்கள். நீமோ என்றால்தான் தெரியும். தொடங்கியது 2016-ல். உப்பிலும் தண்ணீரிலும் செய்த தப்புகள் காசோடு போயிற்று. மீனைத் தேர்ந்தெடுப்பதில் செய்த தப்பு உயிரைக் கொண்டுபோனது. அதனால் அதைத்தான் விரிவாகச் சொல்லப்போகிறேன்.

உப்பு விஷயத்தை மட்டும் முதலிலேயே முடித்துவிடுகிறேன், எங்கள் ஊரில் எல்லோரும் கேட்பது அதைத்தான். உப்பளப் பாத்தியில் விளைவது பெரும்பாலும் சோடியம் குளோரைடு. மெக்னீசியம் போன்றவை படியாமல் கசப்புத் தண்ணீராக மிஞ்சி, வடிந்து போய்விடும். மீனுக்கு அந்தக் கசப்பும் வேண்டும். சரி, கடலிலிருந்தே எடுத்து வரலாமே என்றால், ஆனி ஆடியில் கரையோரம் கலங்கிக் கிடக்கும். மணக்குடி, தேங்காய்ப்பட்டணம் மாதிரிப் பொழிமுகத்துப் பக்கம் மழைக்காலத்தில் உப்பு குறைந்துவிடும். துறைமுகத்தில் டீசல் மிதக்கும். முட்டத்தில் வள்ளம் வைத்திருக்கும் நண்பர் ஒருவர் வெளிக்கடலிலிருந்து கேனில் கொண்டுவந்து தந்த தண்ணீர் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் வாராவாரம் அவரைத் தொந்தரவு செய்ய முடியுமா? லிட்டருக்கு 35 கிராம் வீதம் நானே கலக்கிக்கொள்கிறேன். வாரம் 7 லிட்டர் மாற்றுவதற்குக் கால் கிலோ உப்பு. ஆவியாகிக் குறையும் தண்ணீருக்கு மட்டும் உப்பில்லாத தண்ணீரை ஊற்ற வேண்டும். தண்ணீர்தான் ஆவியாகும், உப்பு தொட்டியிலேயே கிடக்கும். இதை மறந்து உப்புத் தண்ணீரையே ஊற்றிக்கொண்டிருந்த ஒருவரின் தொட்டி ஊறுகாய் ஜாடி ஆன கதை எனக்குத் தெரியும்.

என் தொட்டி இரண்டடி நீளம், ஒன்றேகால் அடி அகலம், ஒன்றேகால் அடி உயரம். கணக்குப்படி 88 லிட்டர் பிடிக்கும். கல்லும் மணலும் போக 70 லிட்டர் நிற்கும். விழிஞ்ஞத்துக் கடல்மீன் காட்சியகத்துக்கு ஒருமுறை குடும்பத்தோடு போயிருந்தபோது, கடல் சாமந்தி என்று பூ மாதிரி விரிந்திருக்கும் ஓர் உயிரினத்தின் விரல்களுக்குள் ஐந்தாறு கோமாளி மீன்கள் புரண்டு விளையாடுவதைப் பார்த்தோம். எவ்வளவு ஒற்றுமை என்று நினைத்துக்கொண்டு திரும்பினேன். அது ஒற்றுமை அல்ல, வரிசை என்று புரிய ஒரு மீன் சாக வேண்டியிருந்தது.

தொட்டியில் தண்ணீர் ஊற்றி, மீனுக்கு விஷமான அமோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யத்துக்கு வர ஆறு வாரம் பொறுத்தேன். அதில் அவசரப்படவில்லை. முதல் மீனை ஊரிலேயே ஒரு கடையில் வாங்கினேன். மூன்று அங்குலம் இருக்கும், கொழுகொழுவென்று. ஒரு மாதம் தனியாக நீந்திக்கொண்டிருந்தது. அதற்கு ஒரு குறையும் இல்லை, எனக்குத்தான் மனசு கேட்கவில்லை. இன்னொரு கடையில் அதே அளவில் ஒன்று கிடைத்தது. கடைப்பையன் கண்ணாடியில் விரலால் தட்டி, "இது ஆண் அண்ணே. உங்கள்ட்ட உள்ளது பெண்ணாத்தான் இருக்கும். ஜோடி சேந்திரும்" என்றான். எதைப் பார்த்துச் சொன்னான் என்று கேட்கத் தோன்றவில்லை. கல்யாணத்துக்கு உயரப் பொருத்தம் பார்க்கிற மாதிரி, இரண்டும் ஒரே அளவாக இருந்தால் அழகாக இருக்கும் என்பது என் கணக்கு.

இரண்டு நாள் ஆளுக்கொரு மூலையில் இருந்தன. மூன்றாம் நாள் இரவு டி.வி.யை அணைத்த பிறகு தொட்டிக்குள்ளிருந்து 'டிக் டிக்' என்று சத்தம். பம்பில் கோளாறு என்று நினைத்துக் கழற்றிப் பார்த்தேன், பம்ப் நன்றாகத்தான் இருந்தது. கோமாளி மீன்கள் தாடையைப் படீரென்று மூடிப் பல்லோடு பல் மோதவிட்டு மிரட்டும் சத்தம் அது. மறுநாள் ஒன்றின் வாயை ஒன்று கவ்விக்கொண்டு சுழன்றன. அப்போதே ஒன்றைப் பிடித்து வாளியில் விட்டிருக்க வேண்டும். பழகிவிடும் என்று விட்டுவிட்டேன். ஐந்தாம் நாள் காலையில் புது மீன் பில்டர் குழாய்க்குப் பின்னால், தண்ணீர் மட்டத்தை ஒட்டிச் சாய்ந்து கிடந்தது. வால் துடுப்பில் பாதியைக் காணோம், பக்கவாட்டில் செதில் உரிந்து வெள்ளையாக இருந்தது. எடுத்தபோது உயிர் இல்லை.

பிறகுதான் உட்கார்ந்து படித்தேன். கோமாளி மீன் எதுவும் பிறக்கும்போது பெண்ணாகப் பிறப்பதில்லை. ஒரு சாமந்திக்குள் ஒரு கூட்டம் இருந்தால் அதில் ஆகப் பெரியது மட்டும் பெண். இரண்டாவது பெரியது ஆண். மீதி எல்லாம் இரண்டும் இல்லாமல், வளர்ச்சியைக் கட்டிப்போட்டுக்கொண்டு வரிசையில் காத்திருக்கும். பெண் செத்தால் ஆண் பெண்ணாக மாறும், அடுத்த குஞ்சு ஆணாகும். பெண்ணான பிறகு திரும்பி ஆணாக வழி கிடையாது. தனியாக வளர்ந்து மூன்று அங்குலம் வந்த மீன் தன்னைத் தொட்டியின் எஜமானியாகத்தான் நினைத்திருக்கும். அப்படி இரண்டை 70 லிட்டருக்குள் விட்டது ஒரு வீட்டில் இரண்டு மாமியாரைக் குடிவைத்தது போல. கடலில் என்றால் தோற்றது ஓடிப்போகும். கண்ணாடித் தொட்டியில் எங்கே ஓடும்?

ஆகவே யார் கேட்டாலும் நான் முதலில் சொல்வது, ஒரே அளவில் இரண்டு வளர்ந்த மீனை வாங்காதீர்கள். வீட்டில் ஏற்கெனவே பெரியது ஒன்று இருந்தால், அதில் பாதி அளவுகூட இல்லாத குஞ்சாகப் பார்த்து எடுங்கள். தொட்டி காலியாக இருந்தால் இரண்டு குஞ்சுகள், அதிலும் ஒன்று கொஞ்சம் பெரிது ஒன்று கொஞ்சம் சிறிது. யார் பெரியவர் என்பதை அவையே கொஞ்ச நாளில் தீர்மானித்துக்கொள்ளும். "இது ஆண், இது பெண்" என்று குஞ்சைக் காட்டி யாராவது சொன்னால் சிரித்துவிட்டு நகர்ந்துவிடலாம்.

கடையில் ஒரே தொட்டியில் பத்துப் பதினைந்து கிடக்கும்போது எதை எடுப்பது? நான் இப்போதெல்லாம் ஒரு ஸ்டூல் கேட்டு வாங்கி அரை மணி நேரம் உட்கார்ந்துவிடுகிறேன். கடைக்காரருக்கு எரிச்சல்தான், இருக்கட்டும். அந்தக் கூட்டத்தில் ஒரு பெரியதும் ஒரு சிறியதும் ஒரே மூலையில் உரசிக்கொண்டு நிற்கும்; மற்றது பக்கத்தில் வந்தால் பெரியது துரத்தும், அந்தச் சிறியதை மட்டும் துரத்தாது. அந்த இரண்டையும் கைகாட்டினால் பாதி வேலை முடிந்தது. வலையில் பிடிக்கும்போது பையன் வேறு எதையாவது அள்ளிவிடுவான், கண்ணை எடுக்காமல் பார்க்க வேண்டும். அப்புறம், உங்கள் முன்னால் தீனி போடச் சொல்லுங்கள். பாய்ந்து வந்து தின்ன வேண்டும். துடுப்பை உடம்போடு ஒட்டிவைத்திருப்பது, செவுள் படபடவென்று அடிப்பது, வயிறு உள்வாங்கியிருப்பது, தோலில் சளி படர்ந்த மாதிரி வெண்மை, இதில் எது இருந்தாலும் அந்த மீன் மட்டுமல்ல, அந்தத் தொட்டியில் உள்ள எதுவுமே வேண்டாம். வளர்ப்புக் குஞ்சா, கடலில் பிடித்ததா என்றும் கேட்பேன். கண்ணாடித் தொட்டியிலேயே பொரித்து வளர்ந்தது சின்ன இடத்துக்கும் குருணைத் தீனிக்கும் பழகியிருக்கும். மண்டபத்திலும் விழிஞ்ஞத்திலும் மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிலையத்தார் இந்த மீன்களைக் குஞ்சு பொரிக்கவைத்து வளர்க்கும் முறைகளை உருவாக்கியிருக்கிறார்கள். அப்படி இருக்கப் பவளப்பாரிலிருந்து பிடித்து வந்ததைத் தேடிப்போக எனக்குக் காரணம் தெரியவில்லை.

எந்த இனம் என்பதும் சின்னத் தொட்டியில் பெரிய கேள்வி. கோமாளி மீனில் முப்பது இனம்வரை உண்டு. என் தொட்டி அளவுக்கு ஒசெல்லாரிஸ், பெர்க்குலா இரண்டும்தான் சரி. பார்க்க அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். பெர்க்குலாவுக்கு வெள்ளைப் பட்டையின் ஓரத்தில் கறுப்பு தடிமனாக ஓடும், கண்மணியைச் சுற்றி பளிச்சென்ற ஆரஞ்சு வளையம் இருக்கும். ஒசெல்லாரிஸுக்கு அந்தக் கறுப்பு கோடு போட்ட மாதிரி மெல்லியது, சுபாவமும் சற்றுச் சாது. புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு நான் ஒசெல்லாரிஸைத்தான் சொல்வேன். பனித்துளி, கறுப்பு ஐஸ் என்று விசித்திரப் பட்டைகளோடு இரட்டை விலைக்கு விற்பதில் பெரும்பாலானவை இதே ஒசெல்லாரிஸின் வளர்ப்பு வகைகள்தான். அதைச் சாதாரண ஆரஞ்சோடு ஜோடி சேர்க்கலாம்; காசு பட்டைக்கு மட்டும்.

மெரூன் என்று கருஞ்சிவப்பில் ஒன்று வரும், கன்னத்தில் முள் இருக்கும். அழகு என்றால் அப்படி ஓர் அழகு. வாங்காதீர்கள். அதன் பெண் ஆறு அங்குலம் வளர்ந்து, தண்ணீர் மாற்ற விடும் கையையே கடிக்கும். தக்காளி க்ளவுன், கிளார்க்கி இரண்டுக்கும் நாலடித் தொட்டியாவது வேண்டும் என்பேன். நம் மன்னார் வளைகுடாவில் செபே என்ற இனம் உண்டு; தூத்துக்குடிப் பக்கமிருந்து ஒருவர் எனக்குச் சல்லிசாகத் தருவதாகச் சொன்னார். நம்ம ஊர் மீன் என்று ஆசையாகத்தான் இருந்தது. ஆனால் அதுவும் உள்ளங்கையைத் தாண்டி வளரும். வேண்டாம் என்றுவிட்டேன். இரண்டு இனத்தைக் கலந்து விடுவது பற்றிக் கேட்கவே வேண்டாம்.

இனி மறுபடி என் கதை. சண்டையில் ஜெயித்த மீனுக்கு என் மகள் ராணி என்று பெயர் வைத்தாள். ராணிக்கு ஒரு குஞ்சு தேடினேன். முதலில் வாங்கியதை, நல்லவேளை, நேராகத் தொட்டியில் விடவில்லை. 25 லிட்டர் பிளாஸ்டிக் டப்பில், பெரிய தொட்டியில் சில வாரம் ஊறிய ஸ்பாஞ்ச் பில்டரைப் போட்டுத் தனியாக வைத்தேன். இரண்டாம் நாளே உடம்பெல்லாம் வெள்ளைச் சளி உரிந்து தொங்கியது, நான்காம் நாள் போய்விட்டது. புரூக்ளினெல்லா என்ற ஒட்டுண்ணி. கோமாளி மீன்களுக்கென்றே வந்த மாதிரி ஒரு நோய். செம்பு மருந்து கேட்காது, பார்மலின் குளியல்தான் கேட்கும். எனக்குத் தெரியும்போது நேரம் கடந்திருந்தது. ஆனால் ராணிக்கு ஒட்டவில்லை. அந்த டப்பின் விலை 300 ரூபாய்க்குள். இப்போது எந்த மீனானாலும் ஒரு மாதம் அதில் இருந்த பிறகுதான் உள்ளே வரும்.

அடுத்த குஞ்சு சென்னை கொளத்தூரிலிருந்து பார்சலில் வந்தது, ஒன்றேகால் அங்குலம். பார்சல் மீனுக்கு ஒரு பக்குவம் உண்டு. வெகுநேரம் கட்டிவைத்த பையில் கரியமில வாயு சேர்ந்து அமிலத்தன்மை கூடியிருக்கும், அதனால் அமோனியாவின் விஷம் அடங்கியிருக்கும். பையைத் திறந்ததும் வாயு வெளியேறி அந்த விஷம் விழித்துக்கொள்ளும். ஆகவே பையைத் திறந்துவைத்துக்கொண்டு மணிக்கணக்கில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விடக்கூடாது. மூடிய பையைக் கால் மணி நேரம் மிதக்கவிட்டுச் சூட்டைச் சமப்படுத்தி, டப்பின் உப்பை முன்கூட்டியே பைத் தண்ணீர் அளவுக்கு வைத்துக்கொண்டு, திறந்தவுடன் மீனை மட்டும் மாற்றிவிட வேண்டும்.

ஒரு மாதம் கழித்து அந்தப் பொடியனை, ராசா என்று பெயராகிவிட்டது, ஓட்டைகள் போட்ட ஒரு பிளாஸ்டிக் டப்பாவுக்குள் வைத்துத் தொட்டியில் தொங்கவிட்டேன். ராணி முதல் நாள் டப்பாவை முட்டிக்கொண்டே இருந்தாள். நான்காம் நாள் சும்மா பக்கத்தில் வந்து நின்றாள். அன்று மாலை திறந்துவிட்டேன். ராணி நேராகப் பாய்ந்தாள். எனக்கு நெஞ்சு திக்கென்றது, வலையைக் கையில் எடுத்துவிட்டேன். ராசா ஓடவில்லை. இருந்த இடத்திலேயே ஒருக்களித்துச் சாய்ந்து, வயிற்றைக் காட்டி, தலையிலிருந்து வால்வரை குளிர்காய்ச்சல் வந்தவன் மாதிரி வெடவெடவென்று நடுங்கினான். இரண்டு விநாடி. ராணி சட்டென்று நின்று, அவனை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுப் போய்விட்டாள். 'நீதான் பெரியவள்' என்று சொல்வது அந்த நடுக்கம். அதைப் பார்த்துவிட்டால் வலையைக் கீழே வைத்துவிடலாம். முதல் ஜோடியில் இரண்டும் கடைசிவரை நடுங்கவே இல்லை.

இருவருக்கும் வீடு ஒரு மண்சட்டி. மீன்குழம்பு வைக்க வடசேரி சந்தையில் அம்மா வாங்கிவைத்திருந்த புதுச் சட்டியை ஒரு வாரம் தண்ணீரில் ஊறவைத்து, ஒருக்களித்து உள்ளே போட்டுவிட்டேன். அம்மா இன்றுவரை மன்னிக்கவில்லை. கடல் சாமந்தி வைக்கவில்லை. அதற்கு நல்ல வெளிச்சமும் பழகிய தொட்டியும் வேண்டும், சின்னத் தொட்டியில் அது செத்து அழுகினால் மீனையும் கொண்டுபோகும். வளர்ப்பு மீனுக்குச் சட்டியே போதும். மாமா ஒருவர் மணவாளக்குறிச்சிக் கறுப்பு மணல் போட்டால் ஆரஞ்சு எடுப்பாகத் தெரியும் என்றார். அது இல்மனைட்டும் கார்னெட்டும் தோரியம் உள்ள மோனசைட்டும் கலந்த கனிம மணல்; தொட்டிக்குத் தேவை சுண்ணாம்புச் சத்துள்ள பவள மணல் வகை, அதைக் கடையில் வாங்கினேன். கடற்கரையில் பொறுக்கிய பவளத்துண்டும் கூடாது. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது, கையில் வைத்திருந்தாலே குற்றம். ஹீட்டரும் வாங்காதீர்கள், நம் மாவட்டத்துக்கு எதற்கு? சித்திரையில் தண்ணீர் 30 டிகிரியைத் தாண்டும்போது மேலே ஒரு சின்ன பேன் ஓடினால் இரண்டு டிகிரி இறங்கும்.

இடம் மிச்சம் இருக்கிறதே, நீல டாம்சல் ஒன்று விடலாமா என்று எனக்கும் தோன்றியது. டாம்சலும் கோமாளி மீனும் ஒரே குடும்பம், சண்டைக்குணமும் ஒன்று. விடவில்லை. அது நல்லதாகப் போயிற்று என்று 2017 நவம்பர் 30 அன்று தெரிந்தது. ஒக்கி புயலில் எங்கள் தெருவில் கம்பமே சாய்ந்துவிட்டது, கரண்ட் வர எட்டு நாள். பேட்டரியில் ஓடும் காற்று பம்ப் இரண்டு நாள் தாங்கியது. அப்புறம் நானும் மகளும் மாறிமாறிச் சொம்பால் மொண்டு மேலிருந்து ஊற்றினோம். தீனியை அடியோடு நிறுத்தினேன், கலக்கிவைத்திருந்த 20 லிட்டர் உப்புத் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றினேன். இரண்டு மீன் என்பதால் பிழைத்தன. நாலு இருந்திருந்தால் மூன்றாம் நாளே அமோனியா ஏறியிருக்கும்.

ராணி 2022 கோடையில் போனாள். மூடியில் குழாய்க்காக விட்டிருந்த இரண்டு விரல் இடைவெளி வழியாக இரவில் குதித்திருக்கிறாள். காலையில் ஸ்டாண்டுக்குப் பின்னால் காய்ந்த வற்றல் மாதிரிக் கிடந்தாள். வலையை வெட்டி அந்த இடைவெளியை அடைக்கப் பத்து நிமிடம் ஆனது. ஆறு வருடமாக அடைக்கவில்லை.

ராசா தனியானான். இந்த முறை நான் அவசரப்படவில்லை. சில மாதங்களில் உடம்பு தடித்தது, நடையில் ஒரு மிதப்பு வந்தது, கையை விட்டால் வந்து கடிக்கத் தொடங்கினான். 2023 தொடக்கத்தில் ஒரு அங்குலக் குஞ்சு ஒன்றை டப்பு, டப்பா என்று பழைய முறைப்படியே சேர்த்தேன். திறந்துவிட்ட அன்று குஞ்சு நடுங்கியது, ராசா ஒரு சுற்றுச் சுற்றினான்.

அடுத்த வருடம் ஒருநாள் சட்டியின் உட்பக்கம் ஆரஞ்சு நிறத்தில் நூறு இருநூறு மணிகள் நெருக்கமாக ஒட்டியிருந்தன. குஞ்சாக வந்த பொடியன் அவற்றுக்கு முன்னால் நின்று துடுப்பால் விசிறிக்கொண்டிருந்தான். ஒரு வாரத்தில் மணிகளுக்குள் வெள்ளிக் கண்கள் தெரிந்தன, ஓர் இரவு விளக்கணைத்த பிறகு பொரித்துவிட்டன. குஞ்சுகளுக்குத் தீனியாக ரொட்டிபர் என்ற நுண்ணுயிரை வளர்த்துப் போட எனக்கு வக்கில்லை, ஒன்றும் மிஞ்சவில்லை. பெயரை மாற்ற மகள் ஒத்துக்கொள்ளவில்லை.

முட்டையிட்ட அன்று அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்து பார்த்தார்.

"ராசாவா மக்கா முட்டை இட்டுருக்கான்?"

"ஆமாம்மா."

"அப்ப இந்தப் பொடியன்?"

"அவன்தான் அப்பா."

கொஞ்ச நேரம் இரண்டையும் மாறிமாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். "அது எப்படியும் போட்டு. எனக்குச் சட்டி எப்ப வாங்கித் தருவ?"